செவிலிய மாணவரின் மனச்சோர்வும் பயிற்சியின் பொறுப்பும்

மனச்சோர்வு எந்தத் துறையில் படிப்பவருக்கும் வரக்கூடிய நோய்; ஆயினும் செவிலியம் படிப்போரிடையே அது பரவியுள்ள அளவும், பெரும்பாலும் வெளியே தெரியாமல் போகும் விதமும் தனித்து ஆராயத்தக்கவை. பதினேழு அல்லது பதினெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டு முடிவதற்குள்ளேயே மருத்துவமனை வார்டில் நின்று, முன்பின் அறியாத மனிதர்களின் வலியையும் கழிவையும் இறப்பையும் தம் கையாலேயே எதிர்கொள்ள வேண்டிய நிலை வேறு பட்டப்படிப்புகளில் அரிது. அந்த நிலைக்கு மாணவரின் கைகளைப் பழக்க எடுத்துக்கொள்ளப்படும் அக்கறையில் ஒரு சிறு பங்குகூட அவருடைய மனத்தைப் பழக்க எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதே இச்சிக்கலின் மையம். ஆகவே செவிலிய மாணவரின் மனச்சோர்வை அவரவர் மன உறுதியைப் பொறுத்த சொந்த விஷயமாக ஒதுக்கிவிடாமல், பயிற்சி அமைந்துள்ள முறையோடு சேர்த்து, தொழில் பாதுகாப்பின் ஒரு பகுதியாகக் கருத வேண்டியிருக்கிறது.

எண்கள் உணர்த்துவது

ஒரே பொருளைப் பற்றிப் பல இடங்களில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் முறைக்குத் தொகுப்பாய்வு என்று பெயர். 2018-இல் வெளியான அத்தகைய ஓர் ஆய்வு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 8,900 செவிலிய மாணவரின் விடைகளைத் தொகுத்து, அவர்களுள் சுமார் 34 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகக் கண்டறிந்தது; ஆசிய நாடுகளில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாக இருந்தது. மருத்துவ மாணவரைப் பற்றி 2016-இல் வெளியான இதே போன்ற தொகுப்பாய்வு கண்ட விகிதம் 27 விழுக்காட்டை ஒட்டியது. நோயாளிக்கு அருகில் நின்று படிக்கும் படிப்புகள் எல்லாமே மனத்துக்குச் சுமை தருபவை என்பதையும், அவற்றுள்ளும் செவிலியத்தின் சுமை இலேசானதன்று என்பதையும் இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. இவற்றுள் பெரும்பாலானவை மாணவரே நிரப்பிய வினாப்பட்டியல்களின் அடிப்படையில் பெறப்பட்டவை. மனநல மருத்துவர் நேரில் உரையாடிக் கண்டறிந்தவை மிகச் சில. வினாப்பட்டியல் என்பது வலையை அகலமாக வீசும் கருவி என்பதால், நேர்காணல் வழியாகக் கிடைக்கும் எண்ணிக்கையைவிட அது காட்டும் எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். இந்தியாவில் 2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு, நேர்காணல் முறையில் வயதுவந்தோருள் 2.7 விழுக்காட்டினரிடம் அப்போது மனச்சோர்வு நோய் இருந்ததாகக் கணக்கிட்டது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் இதனையும் 34 விழுக்காட்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது. எனினும், அறிகுறிகள் கொண்டோருள் ஒரு பகுதியினரே நோய் வரையறைக்குள் வருவர் என்று கழித்துப் பார்த்தாலும்கூட, அறுபது பேர் கொண்ட ஒரு வகுப்பில் கவனிப்பு தேவைப்படுவோர் சிலரேனும் இருப்பர் என்பது உறுதி.

நோயின் இயல்பு

தேர்வுக்கு முந்தைய பதற்றமும், கண்டிப்பான ஆசிரியரின் வசவுக்குப் பின் வரும் அழுகையும் மனச்சோர்வு ஆகா. காரணம் நீங்கியதும் அவையும் நீங்கிவிடும். மனச்சோர்வு நோய் என்று மருத்துவம் குறிப்பிடுவது, நாளின் பெரும்பகுதி நேரம் நீடிக்கும் துயரமோ, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டமின்மையோ தொடர்ந்து இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருந்து, அதனோடு தூக்கக் கோளாறு, பசி மாற்றம், ஓயாத களைப்பு, கவனம் சிதறுதல், தன்னைப் பயனற்றவராகக் கருதும் குற்ற உணர்வு, செயல்களில் மந்தமோ அமைதியின்மையோ தோன்றுதல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவற்றுள் பலவும் சேர்ந்து, படிப்பையும் உறவுகளையும் அன்றாட வேலைகளையும் பாதிக்கும் நிலையையே. ஒன்பது அறிகுறிகளில் ஐந்தேனும் இருக்க வேண்டும் என்பதும், அவற்றுள் ஒன்று துயரமாகவோ நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும் என்பதும் உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை.

இந்த ஒன்பது அறிகுறிகளையே ஒன்பது வினாக்களாக்கி 2001-இல் அறிமுகமான பி.எச்.க்யூ-9 என்னும் பட்டியல் இன்று மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் மிகுதியாகப் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வோர் அறிகுறியும் எத்தனை நாள் தொல்லை தந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படும், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அவரை மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பி முறையாக ஆராய வேண்டும் என்பது வழக்கம். ஒன்பதாம் வினா உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது என்பதால், மொத்த மதிப்பெண் குறைவாக இருப்பினும் அதற்கு மட்டும் சுழியம் அல்லாத விடை வந்தால் அன்றே அவரிடம் பேசியாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தப் பட்டியலால் நோயை உறுதிப்படுத்த இயலாது; யாரிடம் பேச வேண்டும் என்பதைக் காட்ட இயலும்.

நோய் எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. குடும்ப வழியாக வரும் மரபுக்கூறு, குழந்தைப் பருவத்தில் பட்ட இழப்புகள், முன்பே இருந்த பதற்ற நோய் போன்றவை ஒருவரை எளிதில் பாதிக்கப்படக்கூடியவராக ஆக்குகின்றன; அதன் மேல் வந்து சேரும் நீடித்த நெருக்கடி நோயைத் தூண்டுகிறது. மனச்சோர்வு முதன்முறையாக வெளிப்படுவது பலருக்கும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும்தான்; செவிலியப் படிப்பின் ஆண்டுகளும் அவையே. பெண்களிடையே இந்நோய் ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. செவிலிய வகுப்புகளில் பெண்களே பெரும்பான்மை. எனினும் வயதும் பாலினமும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே வயதில் வேறு படிப்புகளைப் படிக்கும் பெண்களுக்கு இல்லாத சில சுமைகள் இந்தப் பயிற்சிக்குள்ளேயே இருக்கின்றன.

மாணவரும் ஊழியரும் ஒருவரே

1860-இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளி, நவீன செவிலியப் பயிற்சிக்கு முன்மாதிரியானது. இந்தியாவில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இப்பள்ளிகளில் மாணவி மருத்துவமனையிலேயே தங்கி, வார்டில் வேலை செய்தபடியே கற்றார்; கற்பதற்கு ஈடாக உழைப்பையும் தந்தார். 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்புகள் தொடங்கப்பட்டு, செவிலியம் பல்கலைக்கழகக் கல்வியாக உயர்ந்தது. 1947-இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டுப் பாடத்திட்டம் நாடெங்கும் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆயினும் ஆள் பற்றாக்குறை மிக்க வார்டுகளில் மாணவரைக் கூடுதல் கையாகக் கருதும் பழைய வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கற்பவர் என்ற முறையில் தவறு செய்து திருந்தும் உரிமையும், ஊழியர் என்ற முறையில் தவறே செய்யக்கூடாத கடமையும் ஒரே நேரத்தில் ஒருவர் மீது விழுவது அந்த வழக்கத்தின் விளைவு.

இந்த முரண்பாட்டை ஆழமாக ஆராய்ந்தவர் இசபெல் மென்சீஸ் என்னும் பிரிட்டானிய உளப்பகுப்பாய்வாளர். மாணவியரை வார்டுகளுக்குப் பிரித்து அனுப்புவதில், பயிற்சியின் தேவைக்கும் ஆள் தேவைக்கும் இடையே ஓயாது எழுந்த மோதலைத் தீர்க்க லண்டனின் ஒரு போதனை மருத்துவமனை அவரை நாடியது; பயிற்சியில் சேர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலேயே விலகியதை அவர் அங்கே கண்டார். 1960-ஐ ஒட்டி வெளியான அவரது கட்டுரை, நோயாளியின் அருகாமை தரும் அச்சத்திலிருந்து செவிலியரைக் காப்பதற்காக மருத்துவமனை தன்னையறியாமலேயே சில வழக்கங்களை உருவாக்கிக்கொள்கிறது என்று விளக்கியது. ஒரு நோயாளிக்கு எல்லாவற்றையும் ஒருவர் செய்வதற்குப் பதிலாக, எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வேலையை ஒருவர் செய்யும்படி பணி பிரிக்கப்படும். நோயாளி தம் பெயரால் சுட்டப்படாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் சுட்டப்படுவார். மாணவியர் ஒரு வார்டில் ஊன்றும் முன்பே அடுத்த வார்டுக்கு மாற்றப்படுவர். தமிழ்நாட்டு வார்டுகளில் ‘பன்னிரண்டாம் பெட் சுகர் கேஸ்’ என்று நோயாளியைக் குறிப்பதும், மருந்து கொடுப்பதற்கு ஒருவர், டிரெஸ்ஸிங் செய்வதற்கு ஒருவர் எனப் பிரிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவ்வழக்கங்கள் அச்சத்தைத் தொலைவில் நிறுத்துகின்றனவே தவிர அதைக் கையாளக் கற்றுத்தருவதில்லை என்பதும், ஒருவர் தம் கவனிப்பால் குணமாகிச் செல்வதைப் பார்க்கும் நிறைவையும் சேர்த்தே பறித்துவிடுகின்றன என்பதும் மென்சீஸின் முடிவு. அந்த நிறைவுதான் இப்பணியின் சுமையைத் தாங்கவைக்கும் வலிமையாகும் என்பதால், அதன் இழப்பு பெரிது.

வார்டின் அன்றாடம்

மார்னிங் டியூட்டி காலை ஏழு மணியளவில் தொடங்குமாயின், விடுதி மாணவி ஐந்து மணிக்கே எழுந்து, சீருடை அணிந்து, கொண்டை கட்டி, காலை உணவை அரைகுறையாக முடித்துக்கொண்டு பேருந்தில் ஏற வேண்டியிருக்கும். வார்டில் படுக்கை விரிப்பது, டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு, பி.பி. பார்த்துக் குறிப்பது, உட்கொண்ட நீரையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து எழுதுவது என வேலை நீளும். மதியம் வகுப்பு; மாலையில் கேர் பிளான் எனப்படும் பராமரிப்புத் திட்டத்தை, நோயாளியின் தேவை, அதற்கான செயல், அச்செயலுக்கான காரணம், கிடைத்த பலன் என்று கட்டம் கட்டமாக எழுதி முடிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டு நேரத்துக்குக் கையெழுத்தாகவில்லை என்றால் இன்டர்னல் மதிப்பெண் குறையும். வார்டு இன்சார்ஜ் ஒரு முறையில் செய்யச் சொல்வார், கல்லூரி டியூட்டர் வேறு முறையில் செய்யச் சொல்வார். இருவரையும் மறுத்துப் பேச முடியாத இடத்தில் இருக்கும் மாணவி, நோயாளியின் முன்னிலையிலேயே கடிந்துகொள்ளப்படும்போது, தாம் கற்றுக்கொண்ட கொஞ்சத்தின் மீதும் நம்பிக்கை இழக்கிறார்.

இவையனைத்தையும்விட ஆழமாகப் பதிவது முதல் மரணம். நோயாளி இறந்தபின் உடலைத் தயார்செய்வது செவிலியரின் கடமைகளுள் ஒன்று: கண்களை மூடி, தாடையைத் துணிப்பட்டையால் கட்டி, பொருத்தியிருந்த குழாய்களை அகற்றி, உடலைத் துடைத்து, கைகால்களை நேராக்கி, அடையாளச் சீட்டை இணைத்து, துணியால் சுற்ற வேண்டும். இதன் ஒவ்வொரு படியையும் செய்முறைப் பாடத்தில் மனப்பாடமாக அறிந்த மாணவிக்கும், நேற்று மாலை வரை தன்னை ‘பாப்பா’ என்று அழைத்துத் தண்ணீர் கேட்ட முதியவரின் உடலில் அதைச் செய்யும்போது எழும் உணர்வை என்ன செய்வது என்று எந்தப் பாடமும் சொல்லியிருக்காது. அழுவது கண்ணியக் குறைவு என்றே பல இடங்களில் சொல்லப்படுகிறது. சற்று நேரத்தில் அந்தப் படுக்கை கிருமிநாசினியால் துடைக்கப்பட்டு, புதிய விரிப்புடன் அடுத்த நோயாளிக்குத் தயாராகிவிடுகிறது. மாணவி மாலையில் வழக்கம்போல் ரெக்கார்டு எழுத அமர்கிறார்.

தன்னுள் எழும் உணர்வை அடக்கி, பணி எதிர்பார்க்கும் முகத்தைக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் எழுதினார். அதற்கு உணர்வுசார் உழைப்பு என்று அவர் பெயரிட்டார். அக்கருத்தைச் செவிலிய மாணவரிடம் பொருத்தி ஆராய்ந்த பாம் ஸ்மித், 1992-இல் வெளியிட்ட நூலில், வார்டுப் பொறுப்பாளர் மாணவரை எவ்வாறு நடத்துகிறாரோ அதைப் பொறுத்தே மாணவர் நோயாளியிடம் பரிவோடு இருக்க முடிகிறது என்று காட்டினார். ஊதியக் கணக்கிலும் பாடவேளைக் கணக்கிலும் இடம்பெறாத இவ்வுழைப்பு, தொடர்ந்து செலவாகிக்கொண்டே இருந்து, ஈடுசெய்யப்படாதபோது வெறுமையாகவும் உணர்வற்ற தன்மையாகவும் மாறுகிறது.

இதற்கு நெருங்கிய மற்றொன்று அறநெறித் துயரம். சரியானது எது என்று தெரிந்திருந்தும் அதைச் செய்ய இயலாதபடி சூழல் தடுக்கும்போது ஏற்படும் வேதனையை இப்பெயரால் 1984-இல் விளக்கியவர் ஆண்ட்ரூ ஜேம்டன். நகர முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையேல் படுக்கைப் புண் வரும் என்று வகுப்பில் கற்ற மாணவி, நாற்பது நோயாளிகளுக்கு ஓரிரு செவிலியரே உள்ள வார்டில் அது நடக்காமல் போவதையும், சில நாட்களில் அந்த முதுகில் புண் தோன்றுவதையும் பார்க்கிறார். குற்றம் எவருடையது என்று பிரித்தறியும் அனுபவம் இல்லாத வயதில், அதைத் தம்முடைய குற்றமாகவே அவர் எடுத்துக்கொள்வது இயல்பு.

இரவுப் பணி இச்சுமைகளோடு சேர்கிறது. மனித உடலின் உள் கடிகாரம் இருளில் உறங்கவும் ஒளியில் விழிக்கவும் அமைந்தது. அதைக் குலைக்கும் சுழற்சிப் பணிக்குப் பின் பகலில் விடுதி இரைச்சலுக்கிடையே கிடைக்கும் தூக்கம் ஆழமற்றதாகவும் போதாததாகவும் இருக்கும். தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, நன்கு உறங்குபவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. தூக்கமின்மை சோர்வின் அறிகுறி மட்டுமன்றி அதன் காரணங்களுள் ஒன்றாகவும் இருக்கக்கூடும் என்பதால், பணிப்பட்டியலைத் தயாரிப்பது மனநலத்தோடு தொடர்புள்ள வேலையே ஆகும்.

வீட்டிலிருந்து வரும் சுமை

தமிழ்நாட்டில் செவிலியம் படிக்க வருவோருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, உடற்கூறியலையும் மருந்தியலையும் திடீரென ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும்போது, பொருள் புரியாததைத் தம் அறிவுக் குறைவாக அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல் வந்தவர், பெற்றோரின் விருப்பத்துக்காக வந்தவர், பெண்களின் படிப்பு என்ற கேலியைச் சகித்துக்கொண்டு படிக்கும் ஆண் மாணவர் என விருப்பத்துக்கும் படிப்புக்கும் இடையே இடைவெளி உள்ளோரும் உண்டு. கல்விக் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டிய கட்டணம் நினைவில் இருப்பதால், பிடிக்கவில்லை என்றோ முடியவில்லை என்றோ வீட்டில் சொல்ல அவர்களுக்கு வாய் வருவதில்லை.

படித்து முடித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. ஆனால் அந்த வேலையின் ஊதியம் எதிர்பார்ப்புக்கு ஏற்றதாக இருப்பதில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு, ஐம்பது படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியரின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்குக் கீழே ஊதியம் தரும் மருத்துவமனைகள் இன்றும் பல உள்ளன. மூத்தவர்கள் வாங்கும் சம்பளத்தைக் கேள்விப்படும் இறுதியாண்டு மாணவி, கடனை அடைக்க வெளிநாடு செல்வது ஒன்றே வழி என்று முடிவு செய்து, பட்டத் தேர்வோடு ஆங்கில மொழித் தேர்வுக்கும் சேர்த்துத் தயாராகத் தொடங்குகிறார். நம்பிக்கையின்மை என்பது மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால், எதிர்காலம் குறித்த இக்கவலையைச் சாதாரணமாகக் கருதிவிடலாகாது.

மறைக்கப்படும் நோய்

செவிலிய மாணவர் மனநலப் பாடத்தைத் தம் பாடத்திட்டத்திலேயே படிக்கின்றனர். 1794-இல் தோன்றிய சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி பெறுகின்றனர். மனச்சோர்வுற்ற நோயாளியிடம் எவ்வாறு பேச வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கற்று, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவர்களே தமக்கு அந்த நோய் வரும்போது உதவி நாடத் தயங்குவதற்குக் காரணம் அறியாமை அன்று. குறையைச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஆசிரியரே மதிப்பெண் இடுபவராகவும், விடுதிக் காப்பாளரே வீட்டுக்குத் தகவல் சொல்பவராகவும் இருக்கும் அமைப்பில், மனத்தைத் திறந்தால் ‘இந்தப் பணிக்கு லாயக்கில்லை’ என்ற பெயர் வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. மனநல மருத்துவரைப் பார்த்த செய்தி திருமணப் பேச்சைப் பாதிக்கும் என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை வெளியிடலாகாது என்று உறுதியளிக்கிறது. அந்த உறுதியைக் கல்லூரிகள் மாணவருக்கு எடுத்துச்சொல்வதே அரிதாக உள்ளது.

எனவே அருகில் இருப்போர் காண்பது நோயின் பெயரைத் தாங்காத மாற்றங்களையே. எப்போதும் நேரத்துக்கு வருபவர் தாமதிக்கத் தொடங்குவார். அளவுக் குறிப்புகளை வழுவாமல் எழுதியவர் விட்டுவிட்டு எழுதுவார். மெஸ்ஸுக்கு வராமல் அறையிலேயே இருப்பார். தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி விடுப்புக் கேட்பார். இவற்றைச் சோம்பல் என்றும் ஒழுங்கீனம் என்றும் எடுத்துக்கொண்டு தண்டிக்கும்போது நோய் மேலும் உள்ளே போகிறது. பாதிப்பு மாணவரோடு நிற்பதும் இல்லை. கவனம் சிதறிய கை மருந்தின் அளவைத் தவறவிடலாம், உணர்வு மரத்த மனம் நோயாளியின் முனகலைக் கேளாமல் போகலாம். பயிற்சியில் பெற்ற இலட்சியமும் பணியிடத்தின் நடைமுறையும் மோதும் அதிர்ச்சியே செவிலியர் பணியை விட்டு விலகக் காரணம் என்று மார்லின் கிரேமர் 1974-லேயே நூலாக எழுதினார். ஆள் பற்றாக்குறையைப் பற்றிக் கவலைப்படும் சுகாதாரத் துறை இதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

செய்யத்தக்கவை

செவிலிய மாணவிக்கு நோயாளியின் ஊசி கையில் குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட விதி உண்டு. காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் கொடுக்க வேண்டும். ஊசி குத்தப்பட்டவரைப் பலவீனமானவர் என்று எவரும் சொல்வதில்லை. இப்பணியில் நேரக்கூடிய ஆபத்து அது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டுள்ளனர். நோயாளியின் மரணமும், வார்டில் நேரும் அவமதிப்பும், தொடர்ந்த இரவுப் பணியும் மனத்தில் ஏற்படுத்தும் காயமும் இதே பணியின் ஆபத்துதான். அதற்கும் அதே போன்ற எழுதப்பட்ட விதி வேண்டும் என்பதே மனச்சோர்வைத் தடுக்க விரும்பும் எந்தக் கல்லூரியும் முதலில் ஏற்க வேண்டிய கொள்கை.

அவ்விதியின் முதல் கூறு, மரணத்துக்குப் பின் பேசுவதற்கான நேரம். மாணவி முதன்முதலாக ஓர் இறப்பைக் கண்ட அன்றே, டியூட்டர் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, நடந்தது என்ன, மனத்தில் எழுந்தது என்ன, செய்திருக்கக்கூடியது ஏதேனும் இருந்ததா என்று கேட்டு, இல்லை என்றால் இல்லை என்று தெளிவாகச் சொல்லலாம். இதற்குப் பணச் செலவு ஏதும் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிய வழக்கம் ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது: நோயாளி இறந்ததும் அங்கிருக்கும் அனைவரும் சில நொடிகள் வேலையை நிறுத்தி, இறந்தவருக்கும் அவரைக் காக்க முயன்றோருக்கும் அமைதியாக மரியாதை செலுத்துவர். இவ்வழக்கம் பின்னர்ப் பல மருத்துவமனைகளுக்கும் பரவியது.

இரண்டாவது, மதிப்பெண் இடும் அதிகாரம் இல்லாத ஆலோசகர். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் அளித்துள்ளது. செவிலியர் கல்லூரிகளில் மனநலச் செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர் இருப்பதால் அவரிடமே இப்பொறுப்பையும் ஒப்படைத்துவிடும் போக்கு எளிதில் வரும்; தேர்வு வைக்கும் அதே நபரிடம் மாணவர் மனம் திறக்கமாட்டார் என்பதால் அது நோக்கத்தையே வீணாக்கிவிடும். மூன்றாவது, பணிப்பட்டியல்: இரவுப் பணிக்குப் பின் வகுப்பு வைக்காதிருப்பதும், பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற செவிலியர் குழும நெறியை வார்டிலும் உண்மையாகக் கடைப்பிடிப்பதும், ஒரு நோயாளியின் முழுப் பராமரிப்பையும் அவர் வீடு திரும்பும் வரை ஒரே மாணவரிடம் ஒப்படைப்பதும் மென்சீஸ் சுட்டிய குறைகளை நேரடியாகத் தீர்க்கும். நோயாளியின் முன்னிலையில் மாணவரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நின்றாலே பல மாணவரின் சுமை பெரிதும் குறையும்.

நோய் வந்துவிட்டவருக்குச் சிகிச்சை உண்டு, அது பலனளிக்கிறது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இலேசான, நடுத்தர நிலைகளில், எதிர்மறையாகச் சுழலும் எண்ணங்களை அடையாளம் கண்டு சோதித்து மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், கைவிட்ட நற்செயல்களைச் சிறுகச் சிறுக மீண்டும் தொடங்கச் செய்யும் முறையும் நல்ல பயன் தருகின்றன. தீவிர நிலையில் மருந்தும் தேவைப்படும். இன்று பரவலாகத் தரப்படும் மனச்சோர்வு மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்; மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரை மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் கூடுதலாகக் கவனிப்பது அவசியம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உள்ளது.

தோழியரும் பெற்றோரும் செய்யக்கூடியதும் குறைவன்று. வாரக் கணக்கில் ஒருவர் வாடியிருந்தால் ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்பதில் தொடங்கி, உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ஆம் என்ற விடை வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். வீட்டுக்கு அழைத்து அழும் மகளிடம் ‘எல்லாரும் படிக்கலையா’ என்று கேட்பதற்கு முன், அன்று வார்டில் என்ன நடந்தது என்று பெற்றோர் கேட்டறிவது நல்லது.

செவிலியக் கல்வி தன் மாணவரிடம் பரிவை எதிர்பார்க்கிறது. பரிவு என்பது பெறாதவரால் நெடுங்காலம் கொடுக்க முடியாத ஒன்று என்பதால், மாணவரைப் பரிவோடு நடத்துவது கல்லூரி காட்டும் சலுகையாகாது. நோயாளிக்குத் தரப்போகும் பராமரிப்பின் தரத்தை உறுதிசெய்யும் பாடமே அது. மனநல ஆலோசகர் இருக்கிறாரா, இரவுப் பணிக்குப் பின் ஓய்வு உண்டா, மரணத்துக்குப் பின் மாணவரிடம் யார் பேசுகிறார்கள் என்னும் மூன்று கேள்விகளை, ஆய்வகத்தையும் படுக்கை எண்ணிக்கையையும் சரிபார்க்கும் ஒவ்வொரு கல்லூரி ஆய்வின்போதும் குழுமமும் பல்கலைக்கழகமும் கேட்கத் தொடங்கினால், இன்று தனித்தனி விடுதி அறைகளில் மறைந்து கிடக்கும் இந்த நோய் சிகிச்சைக்கு வந்து சேரும்.